கர்த்தருடைய கரம் யார் பக்கம் நீள்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை மதில்களில் ஒட்டியிருக்கும் செபக்கூட்டச் சுவரொட்டிகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கையின் படம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆன்மிகப் பக்கங்களிலும் “கர்த்தருடைய கரம்” என்ற சொல் அடிக்கடி வருகிறது. விசா கிடைத்தாலும் கர்த்தருடைய கரம், காணி வழக்கு வென்றாலும் கர்த்தருடைய கரம், அயல்வீட்டுக்காரர் நொடித்துப்போனாலும் அதே கரம்தான். வேதாகமத்தில் இந்தச் சொல் இவ்வளவு மலிவாக வருவதில்லை. வரும் இடங்களிலெல்லாம் அதைச் சொல்கிற ஒரு வாய் இருக்கும், அந்தக் கை செய்கிற ஒரு குறிப்பிட்ட வேலை இருக்கும், அது நீளுகிற ஒரு திசை இருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால், பல வேளைகளில் அது சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையே சொல்லிவிடுகிறது.

முதலில், கடவுளுக்குக் கை உண்டா என்ற கேள்வியை ஒதுக்கிவிடலாம். சீனாய் மலையில் கர்த்தர் பேசியபோது நீங்கள் எந்த உருவத்தையும் காணவில்லை என்று உபாகமம் 4:15 ஆணித்தரமாகச் சொல்லிவிட்டது. ஆகவே கை என்பது செயலைக் குறிக்கும் அடையாளம். ஆனால் அடையாளம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடக்கூடாது. விரல், உள்ளங்கை, வலதுகரம், புயம் என்று நூலாசிரியர்கள் தெரிந்துதான் வேறுபடுத்துகிறார்கள்.

விரலை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் தண்ணீர் இரத்தமானதையும் தவளைகள் ஏறிவந்ததையும் பார்வோனின் மந்திரவாதிகள் தாங்களும் செய்து காட்டினார்கள். மூன்றாவது வாதையில், புழுதி பேன்களானபோது, அவர்களால் முடியவில்லை. அப்போது அவர்களே பார்வோனிடம், “இது தேவனுடைய விரல்” என்கிறார்கள் (யாத்திராகமம் 8:19). இத்தனைக்கும் இன்னும் ஏழு வாதைகள் மீதி இருக்கின்றன; முழுக் கையும் இன்னும் நீட்டப்படவில்லை. அதே நூலில் கற்பலகைகள் எழுதப்பட்டதும் விரலால்தான் (31:18). தானியேல் 5ஆம் அதிகாரத்தில், விளக்குத்தண்டுக்கு எதிரே அரண்மனைச் சுவரின் சாந்துப்பூச்சில் எழுதுவதும் ஒரு கையின் விரல்களே. பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் பார்ப்பது எழுதுகிற கையை மட்டும், ஆளைக் காணவில்லை. எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களில் திராட்சரசம் குடித்துக்கொண்டிருந்த வேளை அது. விரல் வருகிற இடங்களில் பெரும்பாலும் சட்டமோ தீர்ப்போ எழுத்தில் வருகிறது, அல்லது ஒரு போட்டி முடிவுக்கு வருகிறது. இயேசு பிசாசுகளைத் துரத்துவதைப் பற்றி லூக்கா 11:20 “தேவனுடைய விரல்” என்று சொல்வதும் இதே எகிப்தியக் காட்சியை மனதில் வைத்துத்தான் என்பது என் எண்ணம். அதே பேச்சை மத்தேயு 12:28 எழுதும்போது தேவனுடைய ஆவி என்கிறது. விரலால் குறிக்கப்படும் வல்லமை எதுவென்று புதிய ஏற்பாடே விளக்கம் தந்துவிட்டது.

புயம் வேறு. “பலத்த கை, ஓங்கிய புயம்” என்ற இரட்டைச் சொல் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைச் சொல்லும் இடங்களிலேயே, அதுவும் உபாகமத்திலேயே அதிகம் வருகிறது. இதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. எகிப்தில் புயபலம் என்பது பார்வோனின் புகழ்மொழி. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா களிமண் மடல்களில், எருசலேமை ஆண்ட அப்திஹெபா என்ற சிற்றரசன் பார்வோனுக்கு எழுதும்போது, என்னை இந்த இடத்தில் வைத்தது என் தகப்பனும் அல்ல, தாயும் அல்ல, அரசனுடைய பலத்த புயமே என்று பணிந்து எழுதுகிறான். எகிப்தின் புயத்தின் கீழ் செங்கல் அறுத்த மக்கள், உண்மையில் ஓங்கிய புயம் வேறொருவருடையது என்று அறிக்கையிடுவதுதான் உபாகமத்தின் வாசகம். எசேக்கியேல் 30ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி போய், பார்வோனின் புயத்தை முறித்துவிட்டேன், அதற்கு இன்னும் கட்டுப்போடப்படவில்லை என்கிறது. அடிமைகளின் பக்கம் நின்ற சொல் இது. பணமும் பதவியும் உள்ளவர் தம் வெற்றிக்கு இதைப் பூசிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தச் சொல்லை இஸ்ரவேலர் தங்கள் குலச்சொத்தாக நினைத்தபோது என்ன நடந்தது என்பது எரேமியா 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எருசலேமை ஆண்ட சிதேக்கியா அரசன் இரண்டு பேரைத் தீர்க்கதரிசி எரேமியாவிடம் அனுப்பி, கர்த்தர் பழைய அற்புதங்களைப்போல ஏதாவது செய்வாரா என்று கேட்டு வரச்சொல்கிறான். அரசன் எதிர்பார்த்தது செங்கடல் மாதிரி ஒன்றை. வந்த பதிலில் கையும் இருந்தது, புயமும் இருந்தது. ஆனால் நீட்டிய கையாலும் பலத்த புயத்தாலும் நானே உங்களுக்கு விரோதமாக யுத்தம்பண்ணுவேன் என்று இருந்தது (21:5). பழைய பாட்டின் சொற்கள் அப்படியே. திசை மட்டும் மாறிவிட்டது. ஏசாயாவிலும் இதே கதைதான். அவருடைய கோபம் ஆறவில்லை, கை இன்னும் நீட்டினபடியே இருக்கிறது என்ற பல்லவி ஐந்து முறை வருகிறது (5:25, 9:12, 17, 21, 10:4). கடைசித் தடவை வருவது யாரைக் குறித்துப் பேசிய பிறகு? ஏழைகளின் வழக்கைப் புரட்டி, விதவைகளைச் சூறையாடி, அநியாயச் சட்டங்களை எழுதுகிறவர்களைக் குறித்து. “நீட்டிய கரம்” என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கிறவர்கள் இந்தப் பத்தியையும் ஒருமுறை வாசிக்கலாம்.

இனி, சொல்கிறது யாருடைய வாய் என்ற விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். “தேவனுடைய கை என்னைத் தொட்டது” என்று, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு சொல்கிறார் (19:21). “கர்த்தருடைய கை எனக்கு விரோதமாயிருக்கிறது” என்ற பொருளில், கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி தன் மருமக்களிடம் சொல்கிறாள் (ரூத் 1:13). இரவும் பகலும் உம்முடைய கை என்மேல் பாரமாயிருந்தது என்று 32ஆம் சங்கீதக்காரர் தன் பாவத்தை மறைத்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். மூன்று பேரும் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். நகோமி வெறுங்கையோடு பெத்லெகேமுக்குத் திரும்பியபோது ஊர்ப் பெண்கள் கேட்டது, இவள் நகோமிதானா என்று மட்டுமே. உன்மேல் கர்த்தர் கை வைத்துவிட்டார் என்று எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. யோபுவின் நண்பர்களோ வாய் திறந்தார்கள். அடிபட்டவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் 42:7இல் அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார்.

இதற்கு விலக்கு இல்லையா என்றால், இருக்கிறது. உன் மிருகஜீவன்கள்மேல் கர்த்தருடைய கை வரும் என்று மோசே பார்வோனிடம் சொல்கிறார் (யாத்திராகமம் 9:3). எலிமா என்ற மந்திரவாதியிடம் பவுல், கர்த்தருடைய கை உன்மேல் வந்திருக்கிறது, சிலகாலம் குருடனாயிருப்பாய் என்கிறார் (அப்போஸ்தலர் 13:11). ஆனால் இரண்டும் நடப்பதற்கு முன் முகத்துக்கு நேரே சொன்னவை. தவறினால் சொன்னவருக்கே அவமானம். நடந்து முடிந்தபின் பிணங்களுக்கு மேல் நின்று காரணம் சொல்வது வேறு வேலை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்த பிறகும், 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகும் அந்த வேலையைச் செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசுவே இதே கேள்வியை எழுப்பினார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று லூக்கா 13இல் வெட்டொன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்லிவிட்டார்.

நிதானம் எப்படி இருக்கும் என்று பார்க்க, 1 சாமுவேல் 5, 6 அதிகாரங்களில் வரும், இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தரைப் பார்க்கலாம். இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டியைக் கைப்பற்றி, தங்கள் நகரமான அஸ்தோத்தில் தங்கள் தெய்வமான தாகோனின் கோவிலில் வைத்தார்கள். மறுநாள் தாகோன் முகங்குப்புறக் கிடந்தது, எடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நாள் அதன் தலையும் இரண்டு கைகளும் வெட்டுண்டு வாசற்படியில் கிடந்தன. கர்த்தருடைய கை அஸ்தோத்தார்மேல் பாரமாயிருந்தது என்று அடுத்த வசனங்கள் சொல்லும்போது, கையிழந்த தெய்வத்துக்கும் கை பாரமான தெய்வத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாசகன் கவனிக்காமல் போக முடியாது. பெட்டி காத்துக்குப் போனது, எக்ரோனுக்குப் போனது. போன இடமெல்லாம் கட்டிகளும் சாவும். ஏழு மாதம் கழிந்தது.

அப்போது அவர்களுடைய பூசாரிகளும் குறிசொல்கிறவர்களும் ஒரு சோதனை ஏற்பாடு செய்தார்கள். புது வண்டி ஒன்று. நுகமே பூட்டாத, கன்று ஈன்று பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பசுக்கள் இரண்டு. கன்றுகளைப் பிரித்து வீட்டில் அடைக்க வேண்டும். வண்டியில் பெட்டியை வைத்து, பக்கத்தில் ஒரு பேழையில் காணிக்கையாக ஐந்து பொன் கட்டியுருவங்களையும் ஐந்து பொன் எலிகளையும் வைத்து, யாரும் ஓட்டாமல் அனுப்பிவிட வேண்டும். பழக்கமில்லாத பசு நுகத்தில் ஒழுங்காக நடக்காது; கன்றைப் பிரிந்த பசு வீட்டுப் பக்கம்தான் திரும்பும். இவ்வளவையும் மீறி வண்டி இஸ்ரவேலரின் ஊரான பெத்ஷிமேசு வழியே நேராகப் போனால் இது அவர் செய்தது. போகாவிட்டால் நம்மை அடித்தது அவர் கை அல்ல, தற்செயலாக நடந்தது என்று அறிந்துகொள்ளலாம் என்றார்கள் (6:9). பசுக்கள் கதறிக்கொண்டே, வலம் இடம் சாயாமல், நேராகப் போயின.

தற்செயலாகவும் இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்ன அந்தப் பெலிஸ்தப் பூசாரிகள், இன்றைய சாட்சிக் கூட்டங்கள் பலவற்றைவிடக் கவனமானவர்கள். தங்களுக்குச் சாதகமாக அல்ல, பாதகமாகச் சோதனையை அமைத்தார்கள். இன்னொன்று: பெட்டி சொந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் கை மென்மையாகிவிடவில்லை. பெட்டிக்குள் எட்டிப்பார்த்த பெத்ஷிமேசு ஊர்க்காரரும் அடிபட்டார்கள்.

தயவுள்ள கரம் என்ற பக்கத்துக்கு வருவோம். எஸ்றா 7, 8 அதிகாரங்களிலும் நெகேமியா 2ஆம் அதிகாரத்திலும் “தேவனுடைய தயவுள்ள கரம் என்மேல் இருந்தபடியால்” என்ற தொனி திரும்பத் திரும்ப வருகிறது. பிரயாணம், வேலைவாய்ப்பு, அனுமதிப் பத்திரம் ஆகியவற்றுக்கு நம் போதகர்கள் அதிகம் எடுப்பது இந்த வசனங்களைத்தான். எடுப்பதில் தவறும் இல்லை. ஆனால் பாபிலோனிலிருந்து யூதர் குழுவொன்றை எருசலேமுக்கு அழைத்துவந்த வேதபாரகரான எஸ்றா என்ன செய்தார் என்று முழுவதும் சொல்வதில்லை. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் பயணம் சுமார் நான்கு மாதம். எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று அரசனிடம் சொல்லிவிட்டதால், குதிரைவீரரைக் காவலுக்குக் கேட்க அவருக்கு வெட்கமாயிருந்தது. அகாவா ஆற்றருகில் உபவாசம் கூறினார். அத்தோடு நின்றுவிடவில்லை. 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், வெள்ளிப் பாத்திரங்கள், இருபது பொற்கிண்ணங்கள், இரண்டு உயர்ந்த வெண்கலப் பாத்திரங்கள் அனைத்தையும் நிறுத்து, ஆசாரியர் பன்னிருவரிடம் ஒப்படைத்தார். ஒரு தாலந்தை 30 கிலோ என்று குறைத்து வைத்தாலும் வெள்ளி மட்டும் 19 தொன்னைத் தாண்டும். எருசலேம் சேர்ந்து நாலாம் நாள், ஆலயத்தில் வேறு நான்கு பேர் முன்னிலையில் எல்லாவற்றையும் எண்ணி, மறுபடி நிறுத்து, நிறையை எழுதி வைத்தார்கள் (8:33, 34).

தேவகரத்தின்மேல் இருந்த நம்பிக்கையும் தராசும் எஸ்றாவிடம் ஒன்றாகவே இருந்தன. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சபை நிர்வாகங்களுக்கு இந்த அதிகாரத்தை அப்படியே வாசித்துக் காட்டலாம்.

எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்ட வந்த நெகேமியாவோ நேர் எதிர்வழி. தேவனுடைய தயவுள்ள கரம் என்மேல் இருந்தபடியால் அரசன் கேட்டதைக் கொடுத்தான் என்று 2:8இல் சொல்கிறார். அவர் கேட்டது வழிநெடுக உள்ள ஆளுநர்களுக்குக் கடிதங்களும், மரம் தரும்படி அரச வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதமும். அடுத்த வசனத்திலேயே சேனாபதிகளும் குதிரைவீரரும் அவரோடு வருகிறார்கள். எஸ்றா காவல் கேட்கவில்லை. நெகேமியா காவலோடு வந்தார். இரண்டு பேர்மேலும் இருந்தது ஒரே கரம். ஆகவே மருத்துவரிடம் போகாதே, காப்புறுதி எடுக்காதே, அதுதான் விசுவாசம் என்று எஸ்றாவை மட்டும் காட்டி மேடையில் முழங்குகிறவர், பக்கத்தைப் புரட்டி நெகேமியாவையும் வாசிக்கட்டும்.

நோயாளிமேல் கை வைத்துச் செபிப்பதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டு. அதில் சண்டை இல்லை. தொடக்கூடாதவன் என்று ஒதுக்கப்பட்ட குஷ்டரோகியை இயேசு கை நீட்டித் தொட்டார் (மாற்கு 1:41). பெத்சாயிதாவில் ஒரு குருடனுக்கு இரண்டு முறை கை வைத்தார். முதல் தடவை மனிதர் நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்கள். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனையோ தொடவே இல்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை. கையின் அசைவில் வல்லமை ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இந்த மூன்றும் போதும். போதாவிட்டால் குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமான் இருக்கிறான். தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று, தன் தேவனைக் கூப்பிட்டு, நோயுள்ள இடத்தின்மேல் கையை அசைத்துக் குணமாக்குவான் என்று நினைத்து வந்தவன் அவன் (2 இராஜாக்கள் 5:11). தீர்க்கதரிசியான எலிசா வாசலுக்கே வரவில்லை. ஆளனுப்பி, யோர்தானில் ஏழுதரம் முழுகு என்றார். நாகமான் கோபப்பட்டது அந்தக் காட்சி கிடைக்காததற்காகத்தான். குணமானபின் கொடுத்த வெகுமதியையும் எலிசா தொடவில்லை. பின்னாலே ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து சேர்ந்தது. மேடை, ஒளி, ஒலி, கை அசைவு, காணிக்கை உறை எல்லாம் வைத்து நடத்தப்படும் சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த அதிகாரம் ஏன் அரிதாகவே வாசிக்கப்படுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுவரொட்டிக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு வசனம் ஏசாயா 59:1: கர்த்தருடைய கை இரட்சிக்க முடியாதபடி குறுகிப்போகவில்லை. அழகான வரி. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது என்று 59:2 தொடர்கிறது. மூன்றாம் வசனம், உங்கள் கைகள் இரத்தத்தால் கறைப்பட்டிருக்கின்றன என்கிறது. அவருடைய கையில் குறை இல்லை, உங்கள் கையில்தான் என்பதே அங்கே வாதம். முதல் வசனத்தை மட்டும் அச்சடித்தால் குற்றப்பத்திரிகை வாழ்த்து மடலாகிவிடுகிறது. எதிர்பார்த்து நிற்கிறவருக்குத் தெம்பு கொடுக்கும் வசனம்தான் வேண்டுமென்றால், எண்ணாகமம் 11:23 பொருத்தம். ஆறு இலட்சம் காலாட்களுக்கு ஒரு மாதத்துக்கு இறைச்சி எங்கிருந்து வரும் என்று மோசே கணக்குப் போட்டுக் கேட்டபோது, கர்த்தருடைய கை குறுகியிருக்கிறதோ என்று வந்த பதில் அது. அங்கேயும் கதையின் முடிவு கசப்பானது என்பதை மறைக்கக்கூடாது: இறைச்சி வந்தது, பற்களுக்கிடையில் இருக்கும்போதே வாதையும் வந்தது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய உள்ளங்கையில் குழந்தை தூங்கும் படத்துக்குக் கீழே ஏசாயா 49:16ஐ எழுதுகிறார்கள். என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன் என்பது முதற்பாதி. உன் மதில்கள் எப்போதும் என்முன் இருக்கிறது என்பது பிற்பாதி. அங்கே “உன்னை” என்றது சீயோன் நகரத்தை, அதாவது எருசலேமை. பாபிலோனியர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரத்தின் மதில்கள் அந்த உள்ளங்கையில் வரையப்பட்டிருக்கின்றன. 44:5இல், நான் கர்த்தருடையவன் என்று ஒருவன் தன் கையில் எழுதிக்கொள்வான் என்று வருகிறது. ஐந்து அதிகாரம் தள்ளி, உடையவரே தம் கையில் எழுதிக்கொள்கிறார். வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த வசனம் எவ்வளவு பேசும்! குழந்தைப் படம் அந்த நகரத்தையே மறைத்துவிடுகிறது. மைக்கலாஞ்சலோ 1512இல் முடித்த சிஸ்டின் சிற்றாலயக் கூரை ஓவியத்தில் கடவுளின் விரல் ஆதாமின் விரலை நோக்கி நீளுவதும் அப்படித்தான். உலகப் புகழ் பெற்ற காட்சி, ஆனால் ஆதியாகமம் 2:7இல் விரலே இல்லை. மண்ணால் உருவாக்கி நாசியில் சுவாசத்தை ஊதினார் என்றுதான் இருக்கிறது. அதைவிட, சிரியாவில் தூரா யூரோபொஸ் என்ற இடத்தில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டு யூத செபக்கூடத்தின் சுவரோவியங்கள் வேதத்துக்கு நெருக்கமானவை. கடவுளின் உருவத்தை வரையத் தயங்கிய அந்த ஓவியர்கள் மேலிருந்து நீளும் ஒரு கையை மட்டும் வரைந்தார்கள். செங்கடலுக்கு மேலும் அந்தக் கைதான், எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளுக்கு மேலும் அந்தக் கைதான்.

தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்காருவது பற்றி நீட்டாமல் ஒன்று மட்டும்: அது அரியணையின் பங்கு, சங்கீதம் 110:1 அதன் வேர். இயேசு அங்கே உட்கார்ந்திருப்பவர் என்றே புதிய ஏற்பாடு வழக்கமாகச் சொல்ல, விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஸ்தேவான் கல்லெறியப்படும் வேளையில் மட்டும் அவர் நிற்பதாக அப்போஸ்தலர் 7:55, 56 சொல்கிறது. கல் எறிகிறவர்களும் அன்று தேவனுக்காகவே கை ஓங்குவதாகத்தான் நினைத்திருந்தார்கள்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளில் வசனம் எடுத்தாளப்பட்டால் அதிகார எண்ணையும் வசன எண்ணையும் கட்டாயமாக்குங்கள். கத்தோலிக்க வாசகர்கள் விடுதலைப் பயணம் என்றும் மற்றவர்கள் யாத்திராகமம் என்றும் அறிவது ஒரே நூலைத்தான் என்பதால் இரண்டு பெயரையும் போட்டால் இருசாராரும் எடுத்துப் பார்க்க முடியும். பாதி வசனமாக இருந்தால் மீதியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு 13.